சொன்ன விலை

அப்பாவின் கடைசிப் பேச்சு இருபத்தைந்து ரூபாய்க்குப் போயிற்று. அது கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில் கலியமூர்த்தி துய்மா வீதியில் ஒரு வண்டிக்கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து, தனக்கு வேண்டாத ரம்பத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேண்டியதைத் தொடாதே, வேண்டாததைத் தூக்கிப் பார் என்பது அப்பா நாராயணசாமியின் முதல் சட்டம். ஆயுள் முழுக்க ஜவுளி விற்றவர். சொன்ன விலையைக் கொடுத்து எதையும் வாங்கியதில்லை. தாலி செய்த பத்தரிடமே கால் ரூபாய் குறைத்த பிறகுதான் மணையில் போய் உட்கார்ந்தார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை. கால் ரூபாய் இல்லை, அரை என்று திருத்துவார்.

கொட்டகையில் இரண்டு மோட்டார் ரம்பங்கள் கிடந்தன. கப்பலேறிப் போய்விட்ட ஒரு துரையுடையவை. பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் கட்டில், பியானோ, நாய்ச்சங்கிலி எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். தள்ள முடியாமல் மீந்ததை விற்றுப் பணம் அனுப்பும்படி இந்தத் துரை தன் கணக்குப்பிள்ளை தேவதாஸை விட்டுப்போயிருந்தார். தன் பழைய கோட்டு ஒன்றையும் அவருக்கு விட்டுப்போயிருந்தார். அதில் பித்தான் இல்லை.

பெரிய ரம்பம் இரண்டு ஆள் பிடிக்கிற ஜாதி. சங்கிலி ஓடுகிற இரும்புப் பலகை ஓர் ஆள் நீளம் இருந்தது. நுனியில் இன்னொருவன் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. ஆட்டுக்கல்லைத் தூக்கியது போல கலியமூர்த்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சின்னது ஒற்றை ஆளுக்கானது. பலகை ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட. அதன் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"எவ்ளோ மரம் அறுக்கணும், முசியே?" என்றார் தேவதாஸ். ஐயா என்பதற்கு அவர் வாயில் இன்னும் பிரெஞ்சுதான் வந்தது.

"தோப்புதான். முத்தியால்பேட்டைக்கு அந்தாண்ட. வருஷத்துக்கு ரெண்டு விழும், மூணு விழும். காஞ்ச கெள கழிக்கணும்."

"அப்ப சின்னதுதான். எப்பவோ ஒரு நாள் எடுக்கறவருக்குப் பெருசு எதுக்கு? ஊர்கோலம் போவ யானைய வெலைக்கா வாங்குவாங்க?"

கலியமூர்த்தி பெரியதையே தட்டிக்கொண்டிருந்தான். யானை கழுதை விலைக்கு வந்தால் வாங்கலாம் என்றான். தேவதாஸ் சிரிக்கவில்லை. அவரும் விற்கிற ஜாதிதான்.

ரம்பம் வாங்கும் நாளில்லை அது. கார்த்திகைக் காற்றில் தோப்பின் முகப்பில் நின்ற கிழப்புன்னை குறுக்கே சாய்ந்து, வீட்டுக்கு வருகிற ஒரே வண்டித்தடத்தை அடைத்துவிட்டிருந்தது. ஊர் முழுக்க மரங்கள் விழுந்திருந்ததால் வெட்டுகிற ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை. அப்பாவைப் பார்க்க வந்த டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தின்மேல் ஏறி இறங்கி வந்தார். அதே போல ஏறி இறங்கிப் போனார். போகும்போது, இனி நான் வர வேண்டியிருக்காது என்று அக்கா ஆதிலட்சுமியிடம் சொன்னார்.

அது அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். காலையில் இரண்டு கரண்டிக் கஞ்சி குடித்துவிட்டு, தெம்பாகச் சாய்ந்து உட்கார்ந்து, மகனைக் கூப்பிட்டார்.

"தேவதாஸு கிட்ட மரம் அறுக்கற மெஷினு கெடக்குதாம். போயி வாங்கியா. என்னிய வேலிச் சந்துல நொழச்சித் தூக்கிப் போவ வாணாம். வண்டி வர்ற வழியாதான் நான் போவணும்."

"இப்ப எதுக்குப்பா அந்தப் பேச்சு?"

"மொத வெலைக்கு வாங்கிடாத."

அவர்களுக்குள் எப்போதும் இவ்வளவுதான் பேச்சு. கலியமூர்த்தி எதை வாங்கிவந்தாலும் அப்பா விலை கேட்பார். கேட்டுவிட்டு, ஏமாந்துட்ட என்பார். கத்திரிக்காய்க்கும் அதே சொல், மகளுக்கு எடுத்த பட்டுக்கும் அதே சொல். பட்டு விற்றது அவருடைய கடைதான் என்றாலும். பரவாயில்லை என்று ஒரே ஒரு தரம் அந்த வாயிலிருந்து கேட்டுவிட வேண்டும் என்பது அவன் வெளியே சொல்லாத ஆசை. விழுந்த மரத்தை இன்று தாண்டியபோது, அவர் விலை கேட்கப்போகிற கடைசிச் சாமான் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. காலையில் கஞ்சி குடித்திருக்கிறார், சாயங்காலம் வரை தாங்கும் என்றும் தோன்றியது.

ஒருவழியாகச் சின்னதைப் பார்த்தான். சங்கிலியை விரலால் இழுத்துத் தொய்வு பார்த்தான். பற்களை ஒவ்வொன்றாகத் தடவினான். ஓட்டிக் காட்டச் சொன்னான். தேவதாஸ் கயிற்றைச் சுண்டி இழுத்ததும் கொட்டகை நீலப்புகையால் நிறைந்தது. உத்தரத்திலிருந்து புறாக்கள் பறந்தன. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், வேலை முடிந்ததும் மிச்சத்தை வடித்துவிட வேண்டும், எப்போதாவது எடுக்கிறவர்கள் அதைத்தான் மறந்துவிட்டு மெஷின்மேல் பழி போடுவார்கள் என்று தேவதாஸ் விளக்கினார். பெரியது ஐந்நூறு, சின்னது முந்நூற்றைம்பது. கலியமூர்த்தி முந்நூறு என்றான். தேவதாஸ் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த விலைக்குச் சங்கிலி மட்டும் தரலாம் என்றார்.

இந்த இடத்தில்தான் அப்பாவின் இரண்டாவது சட்டம். குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்துவிட வேண்டும். விற்கிறவன் பின்னாலிருந்து கூப்பிடுவான். முதல் குரலுக்குத் திரும்பாதே. இரண்டாவது குரலுக்கு நடையைக் கூட்டு. மூன்றாவது குரலுக்கு, எதையோ மறந்து வைத்தவன் மாதிரி மெதுவாகத் திரும்பு. விலை இறங்கியிருக்கும்.

கலியமூர்த்தி குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தான்.

கடல்காற்று எதிரே அடித்தது. தெருமுனைக்கு வந்தபோது பின்னாலிருந்து, "மொதலாளி" என்று ஒரு குரல் வந்தது. ஆள் விட்டுக் கூப்பிடுகிறார், கோட்டுக்காரர் கௌரவம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டான். திரும்பவில்லை. கொஞ்ச தூரத்தில் மறுபடியும், இன்னும் உரக்க, "மொதலாளி!" வந்தது. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. நடையைக் கூட்டி, பக்கத்துச் சந்தில் விறுவிறுவென்று திரும்பினான்.

மூன்றாவது குரல் வரவில்லை.

கடற்கரைச் சுவர் வரை போய் நின்றான். புயலில் இடிந்த கப்பல்துறைப் பாலத்தின் தூண்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. மேலே பாலம் இல்லை. வறுத்த கடலை வாங்கித் தின்றான். தின்று முடித்தான். பின்பக்கம் யாரும் வரவில்லை. வெயில் இறங்கி, தூண்களின் நிழல் நீண்ட பிறகு, தானாகத் திரும்பிப் போகிறவனுக்கு வருகிற அவமானத்தோடு கொட்டகைக்கே போனான்.

"கூப்புட்டீங்களே, என்ன வெல சொல்றீங்க?" என்றான், பாதி மானத்தையாவது மீட்க.

"நான் கூப்புடவே இல்லியே, முசியே."

கலியமூர்த்திக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் பிடித்திருந்தது. கூப்பிட்டுவிட்டு இல்லையென்பது, அப்பாவுக்கே தெரியாத மூன்றாவது சட்டம். வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். இருபத்தைந்து ரூபாய் குறைத்து, முந்நூற்றிருபத்தைந்துக்கு முடித்து, ரம்பத்தையும் ஒரு டின் எண்ணெயையும் ஜட்கா வண்டியில் ஏற்றினான்.

விழுந்த மரத்துக்கு இந்தப்பக்கம் செருப்புகள் கிடந்தன. மரமே வாசற்படி என்பது போல ஜனங்கள் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறிப் போயிருந்தார்கள். ஜட்காக்காரர் குதிரையை நிறுத்திவிட்டுச் செருப்புகளைப் பார்த்தார், பிறகு கலியமூர்த்தியைப் பார்த்தார், வாடகை கேட்கவில்லை. அவன் ரம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தின்மேல் ஏறி இறங்கினான்.

அப்பாவைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. கடைசிப் பாலை அக்கா ஊற்றியிருந்தாள். மகன் ஊற்ற வேண்டிய பால். டம்ளரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் ஆடை கட்டியிருந்தது. ரம்பத்தை எங்கே இறக்கி வைப்பது என்று யாரும் சொல்லாததால் கலியமூர்த்தி அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வந்தவர்கள் முதலில் பிணத்தைப் பார்த்தார்கள். பிறகு ரம்பத்தைப் பார்த்தார்கள்.

புஷ்வண்டி தள்ளுகிற தணிகாசலம் பின்வாசலில் குந்தியிருந்தார். கலியமூர்த்தியைக் கண்டதும் எழுந்து துண்டைக் கையில் எடுத்தார்.

"அக்காதான் அனுப்பிச்சாங்க மொதலாளி. ஐயாவுக்கு மூச்சு வாங்குது, ஒங்களக் கேக்கறாருன்னு. நான் வரவும் நீங்க தெருமுனை திரும்பவும் சரியா இருந்திச்சி. ரெண்டு தரம் குரல் குடுத்தேன். நீங்க வேகமா நடக்க ஆரம்பிச்சீங்க. சரி, காதுல வுழுந்திடிச்சி, குறுக்கு வழியா ஊட்டுக்குத்தான் ஓடறீங்கன்னு நெனச்சி வண்டியத் திருப்பிக்கிட்டேன். வந்துக்கிட்டே இருக்காருன்னு ஐயா கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ரொம்ப நேரம்."

கலியமூர்த்தி தணிகாசலத்துக்கு வண்டிக்கூலி கொடுத்தான். கேட்டதைக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் பாடை கட்டி முடிந்ததும் சித்தப்பா ராமலிங்கம், வேலியை ஓர் ஆள் அகலத்துக்குப் பிரித்தால் சந்து வழியாகவே தூக்கிப் போய்விடலாம், வெயில் ஏறுகிறது என்றார். கலியமூர்த்தி ரம்பத்தோடு மரத்தடிக்குப் போனான். எண்ணெய் கலந்து ஊற்றினான். கயிற்றைச் சுண்டினான். பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். உள்ளே பெண்களின் ஒப்பாரி வாயசைவாக மட்டும் தெரிந்தது. மரம் பலகையைவிடத் தடிப்பாக இருந்ததால் ஒரு பக்கம் பாதி அறுத்து, சுற்றிப்போய் மறுபக்கம் பாதி அறுத்தான். மரத்தூள் ஈரமாக அவன் நெஞ்சிலும் வேட்டியிலும் ஒட்டியது. தடத்தின் அகலத்துக்குத் துண்டு கழன்றதும் நாலு பேர் அதை உருட்டி ஓரமாக்கினார்கள். பாடை வண்டித்தடத்தில் போக வழி ஆயிற்று.

மெஷினை நிறுத்தியதும் வந்த அமைதியில் ராமலிங்கம் கிட்டே வந்து அதைக் குனிந்து பார்த்தார். சாவு வீடானாலும் கைப்பழக்கம் போகுமா? சங்கிலியை விரலால் தொட்டார்.

"என்ன வெல?"

"முந்நூத்தம்பது சொன்னான். இருபத்தஞ்சு கொறச்சேன்."

"பரவாயில்லியே," என்றார் ராமலிங்கம். "நம்ம தோப்புக்கு இது போதும். அண்ணன் இருந்திருந்தா மெச்சியிருப்பாரு."

அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் அவள் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். இப்போது அவன் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளை முந்தானையால் தட்டிவிட்டுக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"தணிகாசலத்த அனுப்பறப்ப அப்பாவே கையக் காட்டி நிறுத்தினாரு. அவர் சொன்ன சேதிய ஒங்கிட்ட சொல்ல வாணாம்னு தணிகாசலத்துகிட்ட நாந்தான் சொல்லி வச்சேன். 'பேரம் பேச வாணாம்னு சொல்லு. சொன்ன வெலையக் குடுத்துட்டு வந்துடச் சொல்லு'ன்னாரு."

கலியமூர்த்தி ரம்பத்தைத் தரையில் வைத்தான். மிச்சப் பெட்ரோலை வடித்துவிட வேண்டும் என்று தேவதாஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அது கடைசிச் சொட்டுவரை மண்ணில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். கொள்ளிச்சட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

சுடுகாட்டில் குடத்தைத் தோளில் வைத்து, சுற்றிவரச் சொன்னபடி சுற்றிவந்தான். குடத்தைப் போட்டு உடைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்கையால் கொள்ளி வைத்தான். ஈரமான காற்றில் தீ பிடிக்க நேரமாயிற்று. பிடித்ததும் சுடுகாட்டு ஆள் அவன் முழங்கையைத் தொட்டு வழியைக் காட்டினார்.

"அவ்ளோதான். திரும்பிப் பாக்காம நடங்க, மொதலாளி."

அவன் நடந்தான். மற்றவர்கள் வேகமாக முன்னே போய்விட்டார்கள். அவன் மெதுவாகவே நடந்தான், காதைப் பின்னால் விட்டுக்கொண்டு. தேவதாஸ் சொன்னது முந்நூற்றைம்பது, வாங்கிக்கொண்டது முந்நூற்றிருபத்தைந்து. அந்தக் கணக்கு தீர்ந்தது. தணிகாசலம் கேட்ட கூலியும் கொடுத்தாயிற்று. கூப்பிட்ட குரல் இரண்டு.

பாக்கி ஒன்று.