வேன் அம்மாவின் பிள்ளைகள்

அம்மாவின் படத்துக்கு முன்னால் என்னைவிடச் சத்தமாக அழுதவர் ஒரு பல் டாக்டர். அறுபதை நெருங்கும் மனிதர். பாதித் தலை வழுக்கை, தொப்பைக்கு மேல் சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றது. கைக்குட்டை போதாமல் சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. இது என்னுடைய அம்மா, உனக்கு என்ன வந்தது என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன்.

அம்மா போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. எண்பத்தெட்டு வயது. மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்தவள் எழுந்திருக்கவில்லை. செய்தி எப்படியோ பரவி, அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பழைய வேன் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

அப்பாதான் முதலில் பள்ளி வேன் ஓட்டினார். எனக்கு எட்டு வயதும் தம்பிக்கு மூன்று வயதும் இருக்கும்போது ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வேன் வாசலில் தூசி படிந்து நின்றது. விற்றுவிடு என்றார்கள். அம்மா பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பொம்பளையை நம்பிப் பிள்ளையை எப்படி ஏற்றி அனுப்புவது என்று பெற்றோர்கள் முதலில் தயங்கினார்கள். அடுத்த வருடமே வேனில் உட்கார இடமில்லாமல் போனது. பார்வை மங்கும்வரை ஓட்டினாள். எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த கதை. வந்தவர்கள் தெரியாததைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"வேன் அம்மா பாடுவாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் துணிக்கடை வைத்திருக்கும் ஒருத்தி. "கணக்குப் பரீட்சை அன்னிக்கு மட்டும் பாட மாட்டாங்க. எங்களுக்கு வாய்ப்பாடு மறந்துடுமாம்."

"எங்க பேரையெல்லாம் போட்டு இட்டுக்கட்டிப் பாடுவாங்க," என்றார் பல் டாக்டர். "எனக்கு முன்பல்லு விழுந்தப்போ ஒரு வாரம் என் பாட்டுதான். ஓட்டைப் பல்லு ராஜா! அதுலேர்ந்துதான் எனக்குப் பல்லு மேல ஒரு இதுவே வந்துச்சு."

கூடமே சிரித்தது. நானும் உதட்டை விரித்துவைத்தேன். அம்மா பாடுவாளா? வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் போய்விட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். தட்டை நகர்த்தினால் சாப்பிடு என்று அர்த்தம். விளக்கைக் காட்டினால் படுங்கள் என்று அர்த்தம். ஊரார் பிள்ளைகளுக்குப் பாடித் தீர்த்துவிட்டு, வற்றிய தொண்டையை எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

பல் டாக்டர் நிறுத்தவில்லை. "ஒரு தடவை பெருமழை. ரோடெல்லாம் தண்ணி, வண்டி நின்னுபோச்சு. எங்களை ஒவ்வொருத்தரா இடுப்புல தூக்கிட்டுப் போய் வீட்டுல விட்டாங்க. நான் அவங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு, தண்ணி இன்னும் கொஞ்ச தூரம் இருக்கக் கூடாதான்னு நெனச்சேன்."

அந்த மழை எனக்கும் நினைவிருந்தது. கூரை ஒழுகியது. இருந்த பாத்திரத்தையெல்லாம் பரப்பிவைத்து, தம்பியைக் கட்டில் மேல் ஏற்றி உட்காரவைத்துக்கொண்டு, பன்னிரண்டு வயதில் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இருட்டும் நேரத்தில் சொட்டச் சொட்ட வந்தவள், தம்பி ஈரச் சட்டையோடு இருப்பதைப் பார்த்து என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த இடுப்பு அன்றைக்கு மற்றவர்களுக்கே சரியாகப் போய்விட்டிருந்தது.

அப்போது என் மகளும் சேர்ந்துகொண்டாள். "எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்ததே பாட்டிதான். அப்ப அவங்களுக்கு ரோடே சரியாத் தெரியாது. நான் எதையாவது இடிக்கப் போனா விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

இருபது வயதில் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடு என்று கேட்டேன். "ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும். நீ படி," என்றாள். படித்தேன். மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறேன். தலை நரைத்த பிறகு, பெற்ற மகள் மேலேயே பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

"நீங்க ஏதாவது சொல்லுங்கக்கா," என்றார் பல் டாக்டர். "நாங்க போகவர கொஞ்ச நேரம்தான் கூட இருந்தோம். உங்களுக்கு முழுசா கெடைச்சாங்க. குடுத்து வச்சவங்க நீங்க."

"அவங்க பாடி நான் கேட்டதே இல்ல," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "எல்லாத்தையும் நீங்களே கேட்டு முடிச்சுட்டீங்க."

"அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்று தம்பி சமாளித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. படத்தின் பக்கம் திரும்பினார்.

"உண்மையச் சொன்னா, எனக்கு அவங்க முகம் சரியா ஞாபகம் இல்லக்கா. முதுகும் கொண்டையும்தான் ஞாபகம். என்ன கத்தினாலும் திரும்ப மாட்டாங்க. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாங்க."

நான் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கினேன்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பல் டாக்டர் காரைச் சந்துக்குள் வெகுதூரம் கொண்டுவந்து மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் வரிசையாக ஸ்கூட்டர்கள். திருப்ப வழியில்லை. முன்னே போவதும் பின்னே வருவதுமாகத் திணறினார்.

"நான் போய் எடுத்துக் குடுக்கட்டுமா?" என்று என் மகள் எழுந்தாள்.

"நீ இரு," என்றேன்.

காருக்குப் பின்னால் போய் நின்றேன். "வாங்க... வாங்க... லெஃப்ட்ல ஒடிங்க. நேராக்குங்க. வாங்க..." குரல் எங்கிருந்தோ தானாக வந்தது. இதே சந்துதான். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம், தினமும் காலையில் இப்படித்தான் வேனுக்குக் கை காட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். வேன் காலியாக இருக்கும். இன்னும் ஒரு பிள்ளையும் ஏறியிருக்காது. பக்கத்துக் கண்ணாடியில் அம்மாவின் முகம் முழுதாகத் தெரியும். சாக்கடையைப் பார்க்க மாட்டாள், சுவரைப் பார்க்க மாட்டாள். என்னை மட்டுமே பார்த்துக்கொண்டு வருவாள். என் கை சொன்னால்தான் அவள் சக்கரம் உருளும்.

இதைக் கூடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் இதையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"இன்னும் இடம் இருக்காக்கா?" கண்ணாடியில் பல் டாக்டரின் சிவந்த கண்கள் தெரிந்தன.

"இருக்கு. வாங்க."

சந்து முடிந்தது. என் முதுகுக்குப் பின்னால் பெரிய ரோட்டில் லாரிகளும் பஸ்களும் இரைந்துகொண்டு போயின. கையைத் தூக்கினேன். கார் சட்டென்று நின்றது. ரோடு ஒரு கணம் ஓய்ந்தது, பிறகு மறுபடி நிறைந்தது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை இறக்கவில்லை.