மூலைத்தடி

ஜெனோசன் அந்தப் படகை லொறியிலிருந்து இறக்கிய அன்று, ஊரில் சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். வெள்ளைப் படகு. நடுவில் வளைந்த இரும்புக் கம்பி, அதில் நீளக் கயிறு, கயிற்றின் நுனியில் கைப்பிடி. வலை வைக்க இடமில்லை, மீன் போட இடமில்லை. அதைப் படகென்று சொல்லவே எங்கள் ஆட்களுக்கு மனம் வரவில்லை.

ஜெனோசன் என் மனைவி றஞ்சனியின் தம்பி. கனடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்திருந்தான். அங்கே கோடையில் ஏரிகளில் சனம் இதைத்தான் செய்யுமாம். படகு இழுக்க, பின்னால் ஒரு பலகையில் காலைப் பூட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர்மேல் வழுக்கிப் போவது. வேக்போர்ட் என்றான். அதற்கு அலையில்லாத தண்ணீர் வேண்டும். நாரந்தனையில் எங்கள் பரவைக்கடல், தீவுகளுக்கு இடையில் காற்றுப் படாமல் கிடப்பது, அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல். அவன் படகு நேராக ஓடவேண்டிய இடத்தின் நடுவில் என் சிறகுவலைப் பாடு இருந்தது.

சேற்றில் தடி ஊன்றி, இரண்டு பக்கமும் வலையைச் சிறகாக விரித்து இறாலை மறிப்பது சிறகுவலை. அது கட்டுகிற இடத்தைப் பாடு என்போம். அந்தப் பாட்டுக்குக் காணிபோல உறுதிப்பத்திரமும் இல்லை, வேலியும் இல்லை. தடி நிற்கும்வரை இடம் உன்னுடையது. ஒரு பருவம் முழுக்க ஒரு தடிகூட நிற்கவில்லையென்றால் மீனவர் சங்கம் அதை இன்னொருவருக்குக் கொடுக்கும். மூலைத்தடி ஒன்று நின்றாலும் போதும், கை வைக்க ஏலாது.

இந்தச் சட்டத்தை நான் சும்மா சொல்லவில்லை. அந்தப் பாடு முன்பு செபஸ்தியம்மாவின் புருஷனுடையது. அந்த மனுசன் பாரிசவாதத்தில் விழுந்து கிடந்த வருடம் புயல் அவருடைய தடிகளை அள்ளிக்கொண்டு போனது. திரும்ப ஊன்ற ஆள் இல்லை. சங்கக் கூட்டத்தில் நான்தான் எழும்பி நின்று, “தடி இல்லாட்டிப் பாடு இல்லை” என்றேன். செபஸ்தியம்மா பின்வரிசை வாங்கில் இருந்தா. பாடு எனக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு வெட்கமாயிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“அத்தான், தடியளை எல்லாம் புடுங்கிவிடுங்கோ” என்றான் ஜெனோசன். “ஆராவது விழுந்தால் வயித்திலை ஏறிப்போடும். படகு ஓட்டுற வேலை உங்களுக்குத்தான். இனி இறாலுக்குப் பின்னாலை திரியத் தேவையில்லை.”

கார்த்திகையில் தண்ணீர் ஏறியிருந்த நேரம் எல்லாத் தடியையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். மூலைத்தடியில் கை வைத்தபோது மனம் வரவில்லை. கனடாக்காரன் இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போவான். மரம் அரிகிற வாளை எடுத்துக்கொண்டு முங்கி, இடுப்பளவில் அறுத்துவிட்டேன். மிச்சம் சேற்றில் நின்றது. அதற்குமேல் ஒன்றரை முழம் தண்ணீர். கரைக்கு வந்து, “எல்லாம் புடுங்கியாச்சு” என்றேன்.

என்ன கெட்டித்தனம் என்று அன்றிரவு எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். வேலையும் இருக்கிறது, பாடும் இருக்கிறது. படகோட்டுபவன் நான். தடி நிற்கும் மூலை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அந்தப் பக்கம் திருப்பாமல் விட்டால் சரி.

என் மகள் றொஷானிக்கு அப்போது இருபது வயது. படித்து முடித்து, வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தவள். முதல்நாள் பலகையில் ஏறிப் பதினொரு தரம் விழுந்தாள். பன்னிரண்டாவது தரம் நின்றாள். தை மாதம் பிறக்கும் முன் படகின் பின்னால் எழும் அலையில் ஏறித் துள்ளி, அந்தரத்தில் ஒரு நொடி நின்று, மற்றப் பக்கம் இறங்கப் பழகிவிட்டாள். அந்த நேரம் அவள் ஒரு கத்துக் கத்துவாள். படகின் சத்தத்துக்கு மேலால் அது எனக்குக் கேட்கும். பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன கூத்து என்று கேட்டவர்களை வாய் திறக்கவிடாமல் பேசி அனுப்பினேன். பெருமை எனக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆட்களுக்கு அவள்தான் பழக்கிக் கொடுத்தாள். அந்த ஐந்து மாதம் அவளுக்கு இருந்த சந்தோசத்தை நான் வேறு எப்போதும் அவளில் கண்டதில்லை.

பங்குனியில் தண்ணீர் இறங்கிவிட்டது. தடிக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. நான் அந்த மூலையை இன்னும் அகலமாகச் சுற்றி ஓட்டினேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் பொய் சொன்னீங்கள் என்று ஜெனோசன் கேட்பான், தடியும் போய்விடும். பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஊரில் ஒரு சாவு. எங்கள் ஊரில் பிரேதம் கிடக்கும்போது ஒருவரும் கடலில் இறங்குவதில்லை. இது எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நானும் ஜெனோசனுக்குச் சொல்லவில்லை. பெட்டி தூக்கப் போய்விட்டேன். அவனோ அது மீன்பிடிக்கு மட்டும் என்று நினைத்துவிட்டான். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். தானே படகை ஓட்டினான். மாமன் கேட்க, செய்து காட்ட றொஷானி பலகையில் ஏறினாள்.

மூலையில் அவன் திருப்பியிருக்கிறான். படகு திரும்பும்போது கயிற்றில் இருப்பவர் வெளியே வீசப்பட்டு அகலமாய்ப் போவார். படகு தடியில் படவில்லை. பிள்ளைதான் பட்டாள்.

சேமக்காலையில் பிரேதக்குழிக்கு மண் போட்டுக்கொண்டு நிற்கும்போது எனக்குப் போன் வந்தது.

முழங்கால் சிரட்டை நொறுங்கி, கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் மூன்று தரம் வெட்டினார்கள். நடப்பாள், ஆனால் கால் மடங்காது என்றார்கள். வாசலில் ஜெனோசன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“அத்தான், அதுக்குள்ளை என்ன கிடந்தது?”

“வெள்ளத்திலை வந்த கட்டையாயிருக்கும்” என்றேன்.

றொஷானி மயக்கம் தெளிந்த மூன்றாம் நாள் அதையே கேட்டாள். “அப்பா, அது தடி மாதிரிக் கிடந்தது. ஆரின்ரை தடி?”

“எனக்குத் தெரியாது பிள்ளை.”

சாவு நாளில் படகு இறக்கியவன் என்று ஊர் ஜெனோசனைக் கிழித்தெறிந்தது. கண்மண் தெரியாமல் ஓட்டினவன் என்றது. றஞ்சனி சொந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரைக்கு முன் படகை ஏற்றி அனுப்பிவிட்டு அவனும் போய்விட்டான். போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நானும் சரி என்றேன்.

வைகாசியில் பாடு பதிய சங்கம் கூடியது. வேலை போய்விட்டது, எனக்கு இனி அந்த இடம்தான். ஒரு பருவம் வலை கட்டவில்லை, கேள்வி வரும் என்று தெரியும். அதனால் றொஷானியையும் கூட்டிப்போனேன். “நீ வந்து இருந்தாப் போதும். ஒண்டும் கதைக்க வேண்டாம்” என்றேன். ஊன்றுகோலோடு அவள் முன்வாங்கில் இருந்தால் யாருக்கு வாய் வரும் என்று என் கணக்கு.

தலைவர் அருளப்பு அண்ணை பதிவுக் கொப்பியைப் புரட்டினார். “ஜெகதீஸ், உம்மடை பாட்டிலை தடி ஒண்டும் இல்லை. செபஸ்தியம்மாவின்ரை பெடியன் கேட்டு எழுதியிருக்கிறான். உமக்கு வந்த கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சட்டம் நீர் சொன்னதுதானே.”

செபஸ்தியம்மா அதே பின்வாங்கில் இருந்தா. றொஷானியின் காலைப் பார்த்தும் ஒருவரும் எனக்காக வாய் திறக்கவில்லை. எழும்பினேன்.

“அண்ணை, என்ரை மூலைத்தடி நிக்குது.”

“எங்கை? நாங்கள் காணேல்லையே.”

“தண்ணிக்குக் கீழை. போய்ப் பாருங்கோ. மூண்டு வெட்டு இருக்கும். அது என்ரை அடையாளம்.”

இரண்டு பேர் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் கடலில் இறங்கி நடந்து போனார்கள். நாங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவன் குனிந்து, தண்ணீருக்குள் கை விட்டுத் தடவினான். திரும்பி வந்து ஈரத்தோடு வாசலில் நின்றான்.

“ஓம் அண்ணை, நிக்குது. வாளாலை அறுத்த தடி. மூண்டு வெட்டும் கிடக்கு.” பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை, றொஷானியைப் பார்த்தான். “பிள்ளை அடிபட்ட அந்த இடத்திலைதான்.”

அருளப்பு அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

“சட்டம் சட்டம்தான்” என்றார். “தடி நிக்குது. பாடு ஜெகதீஸுக்கு.”

செபஸ்தியம்மா எழும்பினா. பக்கத்தில் இருந்த மகனை வாய் திறக்கவிடவில்லை. “அவரே வைச்சிருக்கட்டும்” என்று மட்டும் சொன்னா.

நான் றொஷானியைத் தூக்கிவிடக் கை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே வாங்கைப் பிடித்துத் தானாக எழும்பினாள். மடங்காத காலை முன்னால் நீட்டி, ஊன்றுகோலை அக்குளுக்குள் வைத்து, நேராக நிற்க அவளுக்கு நேரம் எடுத்தது. கூட்டம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது.

“ஆஸ்பத்திரியிலை கேட்டனான் அப்பா” என்றாள். “அப்ப தெரியாது எண்டனீங்கள்.”

பின்வாங்கில் நின்ற செபஸ்தியம்மா வந்து அவளுக்குக் கை கொடுத்தா. இரண்டு பேரும் வெளியே போனார்கள். கையெழுத்து வைக்கச் சொல்லி அருளப்பு அண்ணை கொப்பியை என் பக்கம் தள்ளினார். நான் வைத்தேன்.