கோரைக்குள் நின்ற குருகு

சதுப்பு நிலத்து மரப்பாதை முடிகிற இடத்தில், பறவை பார்ப்பதற்கென்று கட்டிய குடிலில் அவளும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் குருகு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் அவர் இங்கே வருகிறார். அவருடைய பைனாகுலர் தூரத்துத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தது.

குருகோ பத்தடி தள்ளி, கோரைக்கு நடுவே, அலகை வானத்துக்கு நீட்டியபடி நின்றது. காற்றில் கோரை அசைந்தால் அதுவும் கூடவே அசைந்தது. அவள் கண்ணில்தான் பட்டது.

சொல்ல வாயெடுத்தாள். போன மாதம் நீர்நாயை முதலில் பார்த்ததும் அவள்தான். வீடு போய்ச் சேர்வதற்குள் அது அவருடைய நீர்நாயாகிவிட்டது. "நான் பார்த்தேன்டா" என்று தம்பியிடம் போனில் அரைமணி நேரம் அளந்தார்.

"என்னடி, ஏதோ சொல்ல வந்தியே?"

"கால் மரத்துப் போச்சுங்க."

"உன்னக் கூட்டிட்டு வந்தா இதான். சரி, கிளம்பு. இன்னைக்கும் வெறுங்கைதான்."

குடிலில் தொங்கிய நோட்டில் 'குருகு வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபம் ஏதும் இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. இது ஒன்றாவது தன்னிடமே இருக்கட்டும் என்று மட்டும் தோன்றியது.

அவர் முன்னால் நடந்தார். பறவை மிரண்டு பறந்தால் அவர் பார்த்துவிடுவாரே என்று, குடிலின் கதவை அவள் ஓசைப்படாமல் சாத்தினாள்.