பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஏரிக்காற்று ஆள் மூக்கைப் பிய்த்துக்கொண்டு அடுத்த தெருவில் போடுகிற ஒரு பிப்ரவரிக் காலை. வெர்ன் ஹாக்லண்ட் சாப்பாட்டு மேசைமேல் இருபத்துநான்கு அட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஓர் அட்டை அகலத்துக்கு இடம் விட்டார். அந்த வெற்றிடத்தை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்த பார்வையில் மேசைப் பலகையே அங்கே கால் அங்குலம் தேய்ந்துவிட்டது.

எல்லாம் ஒரே ஆளுடைய படம் போட்ட சேகரிப்பு அட்டைகள். டக்கர் பிராண்ட்வோல்ட், ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர். பெரிய லீக்கில் ஆடியது ஒன்பது ஆட்டம். அடித்தது ஒரே கோல், அதுவும் சொந்த அணியின் வலைக்குள். இருந்தாலும் அட்டைக் கம்பெனி அவர் படத்தை இருபத்தைந்தே இருபத்தைந்து அச்சடித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்து, அவரை உட்காரவைத்து ஒன்றிலிருந்து வரிசையாகக் கையெழுத்து வாங்கி, மூடிய பெட்டிகளுக்குள் ஒளித்து விற்றுவிட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்ன், இணைய ஏலங்களில் கடைசி மூன்று நொடிக்குக் காத்திருந்து கழுகாகப் பாய்ந்து, இருபத்துநான்கைப் பிடித்துவிட்டார். பதினேழு மட்டும் அகப்படவில்லை. பிராண்ட்வோல்டின் சட்டை எண்ணும் பதினேழு. சட்டை எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றாக அமைந்தால் அதற்குத் தனி மவுசு. வைத்திருப்பவர் சவப்பெட்டிக்குள் கொண்டுபோனாலும் போவாரே தவிர விற்கமாட்டார்.

ஆனால் வெர்னை அரித்தது அந்த மவுசு இல்லை.

"லோயிஸ், இங்க வந்து பாரேன். ஒண்ணுல முழுப் பேரும் இருக்கு. எழுத்தெல்லாம் அணிவகுப்பு மாதிரி நிக்குது. ஒன்பதுல பாதி எழுத்தக் காணோம். பதினாறுல ஒரு கோடு, ஒரு வாலு, அவ்ளோதான்."

"இத நீ நாலாயிரம் தடவ காட்டிட்ட, வெர்ன்," என்றார் மனைவி காபி ஊற்றியபடி.

"பதினெட்டப் பாரு! மறுபடி முழுப் பேரு! செத்துக்கிட்டிருந்த மனுஷன் எந்திரிச்சு உக்காந்துட்டான். நடுவுல என்னதான் நடந்துச்சு?"

"எவளாவது பாத்துச் சிரிச்சிருப்பா. பதினெட்டு ஓரத்துல மஞ்சக் கறை இருக்குல்ல? அதையும் அவளே வச்சிருப்பா."

அந்தக் கறையைப் பற்றிப் பேசினாலே வெர்னுக்கு ரத்தம் கொதிக்கும். அட்டைகளின் தரம் பார்த்துக் கண்ணாடி உறையில் அடைத்துத் தரும் நிறுவனம், அதற்காகவே மூன்று புள்ளி குறைத்துவிட்டது. கறை அவர் கைவேலைதான் என்று, அட்டையைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரரோடு வெர்ன் ஒரு மாதம் பேசவில்லை.

கணினி 'டிங்' என்றது. சேகரிப்பாளர் குழுவில் 'பதினேழு யாரிடம்?' என்று மூன்று வருஷமாகக் கத்திக்கொண்டிருந்ததற்குப் பதில் வந்திருந்தது. ஃபார்கோ நகரில் நாய்களுக்கு முடி வெட்டும் ரெனாட்டா கோவால்கே எழுதியிருந்தார்: ஒரு பெட்டி வாங்கியதில் கிடைத்தது, ஆனால் போலி, இருபது டாலருக்கு எடுத்துக்கொள்ளுங்கள், படம் அனுப்ப வெட்கமாக இருக்கிறது.

வெர்ன் வீடியோவில் கூப்பிட்டே விட்டார். திரையில் சிவந்த முகத்தோடு ஒரு பெண்மணியும், அவர் மடியில் பாதி முடி வெட்டிய நாயும் வந்தார்கள்.

"சிரிக்கக் கூடாது, ஹாக்லண்ட் சார். தரம் பாக்க அனுப்பினேன். இது ஆட்டக்காரர் கையெழுத்தே இல்ல, யாரோ கிறுக்கினதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க வீட்ல எல்லாரும் கேலி பண்றாங்க."

"காட்டுங்கம்மா, காட்டுங்க. எனக்கு வயசு எழுபத்திரெண்டு, ரொம்ப நேரம் தாங்காது."

அவர் காட்டினார். அட்டையில் பெயரே இல்லை. கொழுத்த நீல மையில் இப்படி எழுதியிருந்தது: வான்கோழி சாண்ட்விச். வெங்காயம் வேண்டாம். கடுகு சாஸ் டபுள்.

வெர்னின் கண், வான்கோழியைக் குறிக்கும் 'டர்க்கி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான T-யில் குத்திட்டு நின்றது. அதன் தலைக்கோடு புயலில் பறக்கிற கூரைத்தகடு மாதிரி ஒரு பக்கம் எகிறியிருந்தது. அதே தகடு, டக்கர் என்ற பெயரின் T-யில், மேசைமேல் இருபத்துநான்கு இடத்தில் பறந்துகொண்டிருந்தது. குனிந்து பதினெட்டின் ஓரத்தைப் பார்த்தார். மஞ்சள்.

அவர் நெஞ்சுக்குள் இரண்டு ரயில் நேருக்கு நேர் வந்தன. வாயை மூடிக்கொண்டால் இருபது டாலருக்கு இருபத்தைந்தும் முழுசு. வாயைத் திறந்தால் பதினேழு ஃபார்கோவிலேயே நிற்கும், என்றைக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் லோயிஸுக்கும் புரிந்துவிட்டது. உதட்டின்மேல் விரலை வைத்து, கண்ணால் கெஞ்சினார்.

வெர்ன் வாயை மூடினார். கன்னம் இரண்டும் உப்பின. காது சிவந்தது. ஏழு நொடி தாங்கினார். அவர் வாழ்க்கையிலேயே நீண்ட மௌனம் அதுதான்.

"அது போலி இல்லம்மா!" என்று வெடித்ததில் திரைக்குள் இருந்த நாய் குரைத்தது. "சாப்பிட என்ன வேணும்னு எவனோ கேட்டிருக்கான், பிராண்ட்வோல்ட் கை போன போக்குல அட்டையிலயே எழுதிட்டான்! சாப்பாடு வந்துச்சு, அந்த மஞ்சக் கடுகு சாஸ் பதினெட்டு மேல ஒழுகிருச்சு, இந்தா பாருங்க கறை! வயிறு நெறஞ்சதும் முழுப் பேரு திரும்பி வந்துருச்சு! ஆறு வருஷம்! ஒரு சாண்ட்விச்சுக்காக ஆறு வருஷம்!"

ரெனாட்டா பதினெட்டைப் பார்த்தார், தன் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் நாய் மடியிலிருந்து உருண்டுவிட்டது.

"அப்படின்னா..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க சார், இத நான் விக்கல. ஃபிரேம் போட்டு எங்க வீட்டு ஆளுங்க மூஞ்சிக்கு நேரா மாட்டப்போறேன்."

"நானா இருந்தாலும் விக்கமாட்டேன்," என்றார் வெர்ன். சொன்ன பிறகுதான் வலித்தது.

திரை அணைந்ததும் அட்டைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினாறின் அந்த வால், இப்போது பார்த்தால், பசித்தவன் வயிற்றைத் தடவுவது போலவே இருந்தது.

"ஏழு நொடி," என்றார் சமையலறையிலிருந்து வந்த லோயிஸ். "உன்னால இன்னும் கொஞ்சம் அடக்க முடியலியா, ஓட்ட வாய்?"

பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒரு தட்டை இடித்துத் திணித்தார். அதில் வான்கோழி சாண்ட்விச்.

வெர்ன் ரொட்டியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். வெங்காயம் இல்லை. கடுகு சாஸ் டபுள்.