குழியில் முளைத்த கோரை

"கோரைக்குள்ள கூடு இருந்துச்சே, உனக்குக் கண்ணு இல்லையா?" என்று கோரை அறுத்துப் பிழைத்த அவளை ஏரிக் காவலர் ஒருமுறை கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், "அரிவாள் என்னோடதுங்க" என்று கணவன் முன்னால் போய் நின்றான். அவன் இன்னும் சிறையில்தான் இருக்கிறான்.

முதலில் ஏரியில் பறவையைச் சுடக் கூடாது என்றுதான் சட்டம் இருந்தது. பிறகு முட்டை எடுக்கக் கூடாது என்றார்கள். அதற்கும் பிறகு கோரை அறுக்கக் கூடாது என்று கம்பி வேலி வந்தது. வேலிக்குள் போனவளைக் காவலருக்குக் காட்டிக்கொடுத்தவர் கண்ணாடி முதலாளி. சட்டம் தொடாத பக்கத்து மேட்டில், ஏரியைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர் வைத்து விடுதி கட்டுகிறவர். அரிவாளோடு ஆட்கள் நடமாடினால் வருகிறவர்களுக்குக் காட்சி கெடுமாம்.

அங்கேதான் அவள் தங்கை சாந்துச் சட்டி சுமந்தாள். தங்கையின் புருஷன் கொத்தனார். மேஸ்திரியிடம் கெஞ்சி, தூண்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அக்காவுக்கு வாங்கித் தந்ததும் தங்கைதான்.

"உம்முன்னு இருக்காதக்கா. அந்த மொதலாளி மூஞ்சியப் பாத்தா எனக்கும் பத்திக்கிட்டுத்தான் வருது. ஆனா நம்ம அடுப்பும் அதுலதானே பத்துது" என்று தங்கை சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை.

ஒருநாள் ஒலிபெருக்கியோடு ஜீப் வந்தது. புதுச் சட்டமாம். வேலிக்கு வெளியே கூடு இருந்தாலும், குஞ்சு பறக்கும்வரை அங்கே வேலை நடக்கக் கூடாது.

"இனி நம்ம தலையில கூடு கட்டினாலும் முடி வெட்ட முடியாதுடா" என்றார் மேஸ்திரி.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் அவள் காணாமல் போனாள். சாலையோர ஓடையில் கோரையை வேரோடு பிடுங்கி, சிமென்ட் சாக்கில் கொண்டுவந்து, விடுதியின் பின்னால் மண் எடுத்த குழியில் நட்டாள். தூணுக்கு ஊற்றியது போக மிச்சத் தண்ணீர் அதற்குப் போனது. மழையும் பெய்தது. கோரை ஆளுயரம் எழுந்தபோது, ஒரு நாரை துரும்பைக் கவ்விக்கொண்டு அதற்குள் நுழைந்தது.

"சீக்கிரம் முட்டை போடுடி ராசாத்தி" என்று அவள் நாரையிடம் சொன்னாள். "அந்த மொதலாளி வயிறு எரியணும்."

முட்டைகளைப் பார்த்த அன்றே காவலரிடம் போய், "எனக்குக் கண்ணு இருக்குங்க. வாங்க, காட்டுறேன்" என்றாள்.

காவலர் குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார். முதலாளியின் முகம் கறுத்தது. குடத்தை இடுப்பில் வைத்தபடி அவள் அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தாள்.

மேஸ்திரி தங்கை, அவள் புருஷன் உட்பட எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்தினார். கணக்கு முடிக்க அவர்கள் வந்த நாளில், கட்டி முடித்திருந்த மாடியில் நாற்காலிகள் கிடந்தன. கூட்டைப் பக்கத்தில் பார்க்க வந்தவர்களுக்கு முதலாளியே தொலைநோக்கியைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கை குழியோரம் நின்றாள்.

"தானா முளைச்ச கோரை இப்படி வரிசையா நிக்காதுக்கா. அரிவாள் கை போக இடம் விட்டு நட்டிருக்கு. நம்ம வீட்டு நடவு."

"ஜெயில்ல கெடக்கானே, அவனுக்காகத்தாண்டி செஞ்சேன்" என்றாள் அவள்.

மாடியில் யாரோ சந்தோஷத்தில் கைதட்டினார்கள். தங்கை சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். புருஷனின் கொத்துக்கரண்டியையும் ரசமட்டத்தையும் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள்.