கைப்பிடியில் தொங்கிய துண்டு

மேலாளரின் ஈரத் துண்டு கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து கழிப்பறைப் பீடத்துக்கு மாற நான் பிடிக்கவேண்டிய கம்பி அது. துண்டை இரண்டு விரலால் தூக்கிக் கீழே போட்டேன். கம்பி பிசுபிசுத்தது. முகம் கழுவும் தொட்டியில் அவர் சவரம் செய்த முடி, நரைத்ததும் சாயம் போட்டதுமாக ஒட்டிக்கிடந்தது. பீட விளிம்பில் மஞ்சள் துளிகள். காகிதத்தால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். குமட்டியது. குமட்டினால் என்ன, வேறு இடம் இல்லை.

கதவில் மட்டும் சக்கர நாற்காலிப் படம் பளபளவென்று இருக்கிறது. அந்தப் படத்துக்காகத்தான் மாற்றுத்திறனாளிகள் சங்கத்து ஆட்கள் எல்லாரும் நாற்காலியும் ஊன்றுகோலுமாக வந்து இந்த அலுவலக வாசலை மறித்து உட்கார்ந்தோம். மழை கொட்டியது, ஒருத்தரும் எழுந்து போகவில்லை. எழுந்திருக்க முடிந்தவர்களே அங்கே குறைவு என்பது வேறு விஷயம். பிறகு வழக்கு, பிறகு உத்தரவு, பிறகு ரிப்பன். ரிப்பன் வெட்டிய கையோடு மேலாளர் பூட்டும் வாங்கிப் போட்டுவிட்டார்.

"பொதுவா விட்டா நாசம் பண்ணிடுவாங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

சாவி அவர் மேசை இழுப்பறையில். உள்ளே அவருடைய துண்டு, சோப்பு, சீப்பு.

அந்தக் கழிப்பறை கட்டும்வரையும், கட்டிப் பூட்டிய பிறகும் வேலை நாளில் நான் தண்ணீர் குடித்ததில்லை. விடிவதற்கு முன் அரை டம்ளர், அப்புறம் வீடு திரும்பித்தான். செங்கல் சூளையில் கல் சுமந்த அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். ஒதுங்க மறைப்பில்லாத இடத்தில் பெண்கள் தாகத்தை விழுங்கப் பழகிவிடுவார்கள். அவளுக்குச் சூளை, எனக்கு ஏசி அறை, காதில் ஹெட்போன், "வணக்கம், நுகர்வோர் குறைதீர்ப்புப் பிரிவு" என்று நாள் முழுக்கத் தேன் தடவிய குரல். போன மாதம் குளிர்க் காய்ச்சலில் விழுந்தபோது சிறுநீரகத்தில் கிருமி என்று டாக்டர் திட்டினார். "தண்ணி குடிக்கலேன்னா அடுத்த தடவை உங்களைப் படுக்கையிலதான் பார்ப்பேன்." குடிக்க ஆரம்பித்தேன். குடித்தால் சாவி கேட்கவேண்டும்.

அன்று மதியம் இரண்டாம் முறை கேட்டேன்.

"மறுபடியுமா?" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலையிலதானே போனீங்க. டேங்க்ல ஏதும் ஓட்டையா?"

பின் வரிசையில் எவனோ சிரித்தான். மற்றவர்கள் தட்டச்சுப் பலகையை வேகமாகத் தட்டினார்கள்.

"அது எனக்காகக் கட்டினது சார்."

"யாரு இல்லேன்னா? இப்ப நான் போகணும். போயிட்டு வந்து தரேன். அதுவரைக்கும் கொஞ்சம் அடக்கிக்கோங்க." சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் வெளியே வர மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரே ஒரு சந்து. நான் நாற்காலியை அதற்குள் உருட்டி, பிரேக்கைப் போட்டேன். சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை நுழைய இடமில்லை. மடியிலிருந்த பாட்டிலைத் திறந்து குடித்தேன். அடிவயிறு ஏற்கெனவே கல்லாகக் கனத்தது.

"என்னம்மா இது கூத்து? வழிய விடுங்க."

"நீங்களும் கொஞ்சம் அடக்கிக்கோங்க சார்."

இந்த முறை சிரித்தவன் சிரிக்கவில்லை. மேலாளர் நாற்காலியைத் தள்ளக் கையை நீட்டினார். அறையே பார்ப்பதைக் கண்டதும் இழுத்துக்கொண்டார்.

"இங்கயே ஏதாவது ஆச்சுன்னா அசிங்கம் உங்களுக்குத்தான்!"

"அசிங்கத்துல என்ன சார் புதுசா?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். துப்புரவுக்கார அக்கா, வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தார். அந்தக் கழிப்பறையைத் தினமும் கழுவுபவர். தன் அவசரத்துக்குப் பெட்ரோல் பங்குக்கு நடப்பவர். வாளியை என் சக்கரத்தின் பக்கத்தில் வைத்தார்.

"நீ குடிம்மா. துடைக்கப்போறது நான்தானே."

பாட்டில் காலி. யார் மேசையிலிருந்தோ இன்னொரு பாட்டில் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. மூடியைத் திருகினேன். மேலாளர் மெல்ல உட்கார்ந்தார். சாவி அவர் முஷ்டிக்குள் இருந்தது. மேசைக்கு அடியில் அவருடைய பாலிஷ் போட்ட செருப்பு ஒன்று தரையைத் தட்ட ஆரம்பித்தது.