ஓரத்துப் புள்ளிகள்

நாற்பத்தாறாயிரத்து இருநூற்றைம்பது. பதினோரு வருஷமாக அந்தத் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணன் தம்பி இருவருக்குமாக முதலாளி தரவேண்டிய கூலி அது. முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டில் என்னதான் இருக்கிறது என்று பிறர் வாயைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தான் பெரியவன். அப்புறம்தான் கடைசி வரி கண்ணில் பட்டது: கூலி முழுவதும் தீரும்வரை அசைவுகள் ஆடியவர்களுக்கே சொந்தம்.

இரண்டு பேரும் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். முதலாளி என்பவர் நாலு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சண்டை வீடியோ கேம் செய்தவர். அவருடைய ஹீரோவின் பெயரே மூட்டைக்காரன். நிஜமான மூட்டைக்காரன் உடம்பு வேண்டும் என்று இவர்களைக் கூட்டிப் போனார். உடம்பை ஒட்டிய கறுப்பு உடுப்பு, அதில் தலை முதல் கால் வரை பளபளக்கும் சின்னச் சின்னப் பந்துகள். சுற்றிலும் கேமராக்கள். அவற்றுக்கு ஆள் தெரியாது, பந்துதான் தெரியும். அதைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து, பிறகு கம்ப்யூட்டரில் சதை பூசுவார்கள். பெரியவன் அடிப்பான், சின்னவன் விழுவான்.

"கொடுக்கிறதுக்கு அவன், வாங்குறதுக்கு நான். பொறந்ததுலேர்ந்து இதே பொழப்பு" என்று சிரிப்பான் சின்னவன்.

கடைசி நாள் ஆளுயர மேடையிலிருந்து மல்லாந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே போனது போனதுதான். கம்பெனியும் கதவைச் சாத்தியது.

"முதலாளியோட ஆளு கீழே போட்டிருந்த மெத்தையை இழுத்துட்டான்" என்றான் பெரியவன். சின்னவன் நம்பினான்.

அன்றிலிருந்து மாசம் தவறாமல் முதலாளி வாசலில் போய் நின்றான் பெரியவன். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவரிடம் காசு பெயரவில்லை. வீட்டில் தம்பியின் முதுகுப் புண் ஆழமாகிக்கொண்டே போனது. காற்றடிக்கும் படுக்கை வாங்காவிட்டால் எலும்பைத் தொட்டுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் தம்பியைப் புரட்டிப் புண்ணைக் கழுவுவான் பெரியவன்.

"மெதுவாண்ணே" என்பான் சின்னவன். "மூட்டைன்னு நெனச்சியா?"

ஒருநாள் அந்த முதலாளியே வீடு தேடி வந்தார்.

"பெரிய கம்பெனி ஒண்ணு, பல கேம் ஹீரோக்களை ஒரே களத்துல மோதவிடுது. அவங்க ஆளுங்க போக, விருந்தாளியா நாலு பேரை வெளியிலேர்ந்து எடுக்கிறாங்க. நம்ம மூட்டைக்காரன் பேரும் அடிபடுது. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா, அவங்க குடுக்கிறதுல உங்க கூலி அன்னைக்கே."

"அடிபட்டது நானு, பேர் அடிபடுறது அவனா?" என்றான் சின்னவன். பிறகு அண்ணனைப் பார்த்தான். "போய்ட்டு வாண்ணே. படுக்கை வரட்டும்."

பெரிய கம்பெனியின் கண்ணாடி அறை. குளிர் எலும்பைக் குத்தியது. தேர்வு செய்கிற அம்மா எழுந்து நின்று நாற்காலி காட்டினாள். சுவரில் ஒன்பது படங்கள், ஐந்தின் மேல் கோடு போட்டிருந்தது.

"இவருக்குத்தான் ரசிகர் ஓட்டு அதிகம். ஆனா உரிமைக்கு ரெண்டு கம்பெனி கோர்ட்ல நிக்குது. இதுக்கு வால் இருக்கு, எங்க கம்ப்யூட்டர் எலும்புக்கூட்டுல வாலுக்கு இடமில்லை. இந்தப் பொண்ணு பிரமாதமா அடிப்பா, விழத்தான் தெரியாது. விருந்தாளிக்கு விழத் தெரியணுங்க. வந்த இடத்துல ஜெயிச்சுக்கிட்டே இருந்தா வீட்டுக்காரனோட ரசிகன் சும்மா விடுவானா?"

"எங்க ஆளு?"

"ஓட்டு ரொம்பக் கம்மி. ஆனா இதைப் பாத்துட்டு நாங்க யாருமே வேற பேர் சொல்லல."

திரையை ஓடவிட்டாள். இருட்டில் வெள்ளைப் புள்ளிகள். முகம் இல்லை, சதை இல்லை. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, மூட்டை சுமந்த தோள். தம்பிதான். புள்ளிகள் பின்னால் சாய்ந்தன, காற்றில் மிதந்தன, விழுந்தன. மேல் பாதி துடித்தது. கீழ்ப் பாதி அப்படியே கிடந்தது.

"இது நடிப்பு இல்லம்மா."

"தெரியும். அதனாலதான் உங்க சம்மதம் இல்லாம தொடமாட்டோம்னு உங்க முதலாளிகிட்ட சொன்னேன்." திரையின் மூலையில் விரல் வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். ஓரத்துல இன்னொருத்தர் தெரியறாரு. குனிஞ்சு எதையோ இழுக்கிறாரு. யாரு அது?"

திரை பின்னோக்கி ஓடியது. வலது மூலையில் குனிந்த புள்ளிகள். இரண்டு கைகளும் சேர்ந்து பின்வாங்கின.

முதுகுப் பந்துகளை மெத்தை மறைக்கிறது, கேமராவுக்குத் தெரியவில்லை என்று அன்று யாரோ கத்தினார்கள். இன்னொரு தடவை எடுத்தால் இன்னும் அரை நாள். பக்கத்தில் நின்றவன் சட்டென்று இழுத்தான். மேலே நின்ற தம்பி பின்னால் பார்க்கவில்லை. அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

"நான்தான்" என்றான் பெரியவன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

அவள் திரையை நிறுத்தினாள். பிறகு, "அந்தப் புள்ளியெல்லாம் வெட்டிடுவோம். விருந்தாளின்னா ஒரு உடம்புதான்" என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பி போட வேண்டிய தாளோடு வீடு வந்தான். அந்தப் புள்ளிகளைத்தான் வெட்டிவிடுவார்களே. இனி யாருக்குத் தெரியப் போகிறது? பேனாவை எடுத்து நீட்டினான்.

"நான் விழுறதைக் காமிச்சாங்களாண்ணே? நல்லா இருந்துச்சா?" சின்னவன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி மலர்ந்திருந்தது.

நீட்டிய பேனா பெரியவன் கையிலேயே நின்றது.

"நல்லா இருந்துச்சு" என்றான். "மெத்தையை இழுத்தது முதலாளி ஆளு இல்லடா. நானு."

சின்னவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தெருவில் ஒரு வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு சாண்."

சின்னவன் படுக்கை விரிப்பில் கையை விரித்து ஒரு சாண் வைத்தான். கட்டைவிரலை நகர்த்தி இன்னொரு சாண் வைத்தான். அந்த இடத்தையே பார்த்தான்.

"பேனாவைக் குடு."

மூட்டைக்காரன் தேர்வானான். அடுத்த வாரமே முதலாளி பணத்தோடு வந்தார். நாற்பத்தாறாயிரத்து இருநூற்றைம்பதையும் சின்னவனே மார்பின் மேல் வைத்து எண்ணினான். "சரியா இருக்கு" என்று முதலாளியிடம் சொன்னான். அவர் சீட்டை வாங்கிக் குறுக்கே 'தீர்ந்தது' என்று எழுதினார். பெரியவன் அதை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான்.

மறுநாள் படுக்கை வந்தது. அடியில் மோட்டார் முனகியது. மாலையில் வெந்நீரும் துணியுமாக உட்கார்ந்து, தம்பியின் தோளுக்குக் கீழே கை கொடுத்துப் புரட்டினான் பெரியவன்.

"மெதுவா" என்றான் சின்னவன்.

கையை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தான் பெரியவன். பிறகு துணியை நனைத்தான்.